குதிரைப்பல் கீரை

தோ பாயோவில் ஒரு பல் மருத்துவரிடம்
உறிஞ்சுகுழாய் பிடிப்பது என் வேலை.
நாள் முழுக்க அடுத்தவர் எச்சில்.
அதனால்தான்
இந்தக் கீரையின் சீனப் பெயருக்குக்
குதிரைப்பல் என்று அர்த்தம் என பெய் ஷான் சொன்னபோது
முகக்கவசத்துக்குள் சிரித்துவிட்டேன்.
எங்களுக்கு இது பருப்புக்கீரை.
அவர்கள் இலையைப் பார்த்துப் பெயர் வைத்தார்கள்,
நாங்கள் சட்டியைப் பார்த்து.

மூன்று நாளாக அவளுக்கு வயிறு சரியில்லை.
நோயாளி வாயைத் திறந்தபடி கிடக்க
கையுறையைக் கழற்றி எறிந்துவிட்டு ஓடினாள், இருமுறை.
சின்சே மணிக்கட்டில் மூன்று விரல் வைத்து
நாக்கை நீட்டச் சொல்லி
உள்ளே ஈரச் சூடு என்றாராம்.
ஈரமும் சூடும் இல்லாமல்
இந்த ஊரில் யார் இருக்கிறார்கள்?
காய்ந்ததைவிடப் பச்சை நல்லது என்று
அவர் எழுதிக் கொடுத்த சீட்டை
எனக்குக் காட்டினாள்.
இது குதிரை, இது பல்.

எனக்கு இடம் தெரியும்.
அடுக்குமாடி கார் நிறுத்துமிடத்தின் உச்சித் தளம்.
வெயிலுக்குப் பயந்து யாரும் வண்டி விடாத மூலையில்
சிமெண்டு வெடிப்பு நெடுகப்
படுத்துக் கிடந்தது, கொழுத்து.
வேலைக்கு முன்னால் போனோம்.
அபராதம் போடுவார்களா என்றாள்.
பூங்காவில் என்றால் போடுவார்கள்,
வெடிப்புக்கு என்ன சட்டமோ.

குனிந்து அவள் முதலில் பறித்தது வேறொன்று.
தண்டைக் கிள்ளிக் காட்டினேன்.
பால்.
பால் வந்தால் கீழே போடு.
அதன் பெயர் என்ன?
அம்மான் பச்சரிசியை எப்படிச் சொல்வது,
அங்கிள் ரைஸ் என்றேன்.
கோழிச்சோற்றுக் கடையா என்று கேட்டாள்.

பிறகு சரியானதில் சரிபார்த்தாள்.
ஐந்து நிறமும் வேண்டுமாம்.
பச்சை இலை, சிவந்த தண்டு, மஞ்சள் பூ,
வேர் வெள்ளை. கறுப்பு?
ஒரு காயை நகத்தால் நெம்பினாள்,
டப்பா மூடிபோலக் கழன்றது.
உள்ளங்கையில் முற்றுப்புள்ளிகள் உருண்டன.

முன்பு பத்துச் சூரியன்கள் இருந்தனவாம்.
ஒருவன் ஒன்பதை அம்பெய்து வீழ்த்தியபோது
பத்தாவது ஓடிவந்து
இந்தக் கீரையின் இலைக்கடியில் ஒளிந்துகொண்டதாம்.
அந்த நன்றிக்கு இன்றுவரை
இதை மட்டும் வெயில் காயவைப்பதில்லையாம்.
அவள் பையை மூடினாள்.
ஏழேமுக்காலுக்கே
என் கழுத்து எரிந்தது.

மறுநாள் மதியம்
கருவிகள் வேகும் பெட்டி உறுமும் சமையலறையில்
இரண்டு டப்பாக்கள் திறந்தோம்.
அவளுடையதில்
வெந்நீரில் ஒரு முக்கு முக்கியது,
பூண்டு, சோயா, கஞ்சிக்குத் தொட்டுக்கொள்ள.
என்னுடையதில் பாசிப்பருப்பு, கீறிய மிளகாய்.
இரண்டும் வழவழத்தன.
புளித்தன.
சாயங்காலம் பறித்தால் புளிப்பு இறங்கியிருக்கும் என்றேன்.
புளிப்புதான் மருந்து என்றாள்.
சின்சே சொன்னாரா?
இல்லை, நான் சொல்கிறேன்.
அதோடு பேச்சு நின்றது.
ஒருவர் டப்பாவில் ஒருவர் கைவைத்தோம்.

இரண்டாம் நாள் வயிறு அடங்கியது.
பாலிகிளினிக் மாத்திரையையும் விழுங்கியிருந்தாள்.
எது கேட்டது என்றால்
கஞ்சி என்பாள்.

போன செவ்வாய் நகர மன்றத்து ஆள்
தட்டைக் கரண்டியோடு வந்து
உச்சித் தளத்தைச் சுரண்டிவிட்டுப் போனார்.
ஒரு கைப்பிடி மட்டும்
அதற்கு முன்பே எங்கள் சன்னலில் இருந்தது,
காயட்டும் என்று அவள் வைத்தது.
கொதிநீரில் முக்காமல் வைத்தால் காயாது என்று
சின்சே சொல்லியிருந்தாராம்,
மறந்துவிட்டாள்.
வேரில்லை, மண்ணில்லை, தண்ணீரில்லை.
பல் அச்சு குழைக்கும் ரப்பர் கிண்ணத்தில்
ஒன்பதாம் நாளாகக் கிடக்கிறது.

இன்று பெய் ஷானுக்கு விடுமுறை.
பத்து மணிக்கு முதல் நோயாளி, கடைவாய்ப்பல்.
இன்னும் கொஞ்சம் திறங்கள் என்கிறார் டாக்டர்.
குழாயைப் பிடித்தபடி தலையைத் திருப்புகிறேன்.
மஞ்சளாக ஒன்று,
மிளகளவு,
நேற்று இல்லாதது.