இரண்டாம் கியர்

மூடிய கதவுக்கு அந்தப் பக்கம் நீ.
இந்தப் பக்கம் கூடத்தில் நான்,
சிமெண்ட் ஏஜென்சியின் பழைய லெட்ஜரும்
சார்ஜில் செருகிய போனுமாக.
பதினாலு நாள் என்றது
மாநகராட்சி வாசலில் ஒட்டிய தாள்.
பதினாலு நாளா, சரி,
மியூனிக்லருந்து ஆரம்பிப்போம் என்றாய்
இருமலுக்கு நடுவே.

கூடல் நகர்த் தெருமுனையில்
தகரம் அடித்திருந்தார்கள்.
விருதுநகர் அக்காவைப் பார்க்கக் கேட்ட இ-பாஸ்
மூன்று முறை திரும்பி வந்தது.
காரணம் போதாதாம்.
நாமோ பேனா முனையில்
ஜெர்மனி விட்டு ஆஸ்திரியா,
ஆஸ்திரியா விட்டு இத்தாலி,
யாரும் கைகாட்டி நிறுத்தாமல்
போய்க்கொண்டிருந்தோம்.
கண்ணாடியில் ஒரு வில்லை ஒட்டினால்
ஆஸ்திரியா சுங்கம் பெரும்பாலும் தீர்ந்ததாம்.
"கப்பலூர்க்காரன் கேட்டா அழுதுருவான்."

முதல் நாள் நூற்று முப்பது கிலோமீட்டர் போதும்.
வண்டி புதுசு, வலப்பக்கம் ஓட்டிப் பழகணும்.
கஞ்சித் தூக்கைக் கதவடியில் வைத்து
ஆறடி பின்வாங்கி
கார் வாடகையைச் சொன்னேன்.
டீசலா பெட்ரோலா என்றாய்.
ஏரிக்கரை அறைக்கு ஒரு ராத்திரி
நம் மூன்று மாத வீட்டு வாடகை என்றதும்
உள்ளே சத்தமே இல்லை.
பிறகு,
"கார்லயே படுத்துக்குவோம் தவமணி."

நாலாம் நாள் அந்தக் கணவாய்.
ஸ்டெல்வியோ.
உன் வாயில் அது ஸ்டெல்லா அக்கா ஆனது.
நாற்பத்தெட்டு கொண்டை ஊசி.
போடிமெட்டில் பதினேழுதான்.
காளவாசல் கடையில்
பத்தொன்பது வருஷமாய்
அடுத்தவன் சக்கரத்தை நேராக்கி அனுப்பியவன்
கதவுக்குப் பின்னாலிருந்து சொன்னாய்:
"இறக்கத்துல பிரேக்கை மிதிச்சுக்கிட்டே போகாத,
சூடேறிச் செத்துரும்.
ரெண்டாவது கியர்ல விடு.
எஞ்சினே புடிச்சுக்கும்."

ஏழாம் நாள் காலை
விரலில் மாட்டியது தொண்ணூற்றிரண்டு காட்டியது.
மத்தியானம் தொண்ணூறு.
நான் லெட்ஜரைப் புரட்டினேன்.
கணவாயின் உயரம்
இரண்டாயிரத்து எழுநூற்று ஐம்பத்தேழு மீட்டர்.
அங்கே காற்று மெலிசு என்று
என் கையெழுத்திலேயே இருந்தது.
அந்த வரியை அடித்தேன்.
தாள் கிழியும்வரை அடித்தேன்.
ஓரத்தில் எழுதினேன்:
பள்ளத்தாக்கு வழி. சுற்று. பரவாயில்லை.

குப்புறப் படுக்கச் சொன்னார் டாக்டர், போனில்.
படுத்தாய்.
"தரை தெரியுது" என்றாய்.
வேறென்ன தெரியும்.
ஏரிப் படம் ஒன்று அனுப்பினேன்.
நீல டிக் விழவில்லை.

நூற்றெட்டு வந்தபோது
தகரத்தை அடித்தவர்களே பிரித்தார்கள்.
ஒச்சப்பன், நாற்பத்தொன்று, ஆண்,
என்று கேட்டுக்கேட்டு எழுதினாள்
கவசத்துக்குள் முகம் தெரியாத ஒருத்தி.
தோப்பூர்.
அங்கே நீ இருந்த நாட்கள்
லெட்ஜரில் இல்லை.

கூட்டிவர
கடையின் பழைய ஆம்னியை
நான்தான் எடுத்தேன்.
லைசென்ஸ் வாங்கி எட்டு வருஷம்,
பாத்திமா காலேஜைத் தாண்டி ஓட்டியதில்லை.
ஆஸ்பத்திரி வாசலில்
உன் சட்டைக்குள் இன்னொருவன் இருந்தான்,
உன்னைவிட ஒல்லியாக.
பின்சீட்டில் ஏறப் போனாய்.
முன்னாடி உட்காரு என்றேன்.

பசுமலையில் போலீஸ்.
எங்கேயிருந்து எங்கே?
டிஸ்சார்ஜ் தாளைத் தொடாமல் படித்தார்,
எட்டி நின்றே கை காட்டினார்.
இரு பக்கமும் இறங்கிய ஷட்டர்கள்.
ரோட்டில் நாம் மட்டும்.
"இம்புட்டு அகலமா இந்த ரோடு" என்றாய்.

பழங்காநத்தம் பாலம் இறங்கும்போது
என் கை தானாகக் கியருக்குப் போனது.
பார்த்தாய். ஒன்றும் சொல்லவில்லை.
காளவாசலில்
உன் கடைக் கதவில் எவனோ நோட்டீஸ் ஒட்டியிருந்தான்.
"நிறுத்து, கிழிச்சுட்டுப் போவோம்."
நிறுத்தவில்லை.

லெட்ஜர்படி அன்று பதினாலாம் நாள்.
மியூனிக்கில் காரைத்
திருப்பிக் கொடுக்க வேண்டும்,
டேங்கை நிரப்பி.
ஆம்னியின் முள்
சிவப்பைத் தொட்டிருந்தது.