எச்சில் வைத்துப் பார்த்தது

கச்சான் அடிக்கிற மாதத்தில்
டயரின் கசிவைக் காதால் பிடிக்க முடியாது.
கீழக்கரை முழுக்க உஸ்ஸென்கிறது,
எந்த உஸ் எதனுடையது?
ரமீசா ராத்தா கதவைச் சாத்தினார். ஜன்னலையும்.
அறையில் கொப்பரை வாசம், பழைய ரப்பர் வாசம், நான்.

நான்கு சக்கரம், ஒன்றன்மேல் ஒன்று,
சாக்குப் போர்த்தியபடி.
கார் வெளியே செங்கல்மேல் நிற்கிறது,
அவர் தம்மாம் போன நாளிலிருந்து.
"கழற்றி உள்ளே வை, உப்புக்காற்று தின்னுரும்"
என்று சொல்லிப் போனாராம்.
வைத்திருக்கிறார்கள்.
உப்புக்காற்றுக்குக் கதவு பெரிய விஷயமா.

கொண்டுபோன பம்பால் முதலாவதுக்குக் காற்றடித்தேன்.
மூடியைத் திருகிவிட்டு
விரல்நுனியில் எச்சில் தொட்டு
வால்வின் வாயில் வைத்தேன்.
உப்பியது. உடைந்தது. திரும்ப உப்பியது,
சளிப் பிடித்த பிள்ளையின் மூக்கு மாதிரி.
பின் தேய்ந்திருக்கிறது. பத்து ரூபாய் வேலை.
"இவ்வளவுதானா?" என்றார்,
ஏமாந்தவர் குரலில்.

இரண்டாவது எச்சிலுக்கு மசியவில்லை.
சோப்புத் தண்ணீர் வேண்டும்.
அவர்கள் கிணற்றுநீரில் சோப்பு நுரைக்காது, திரிந்துபோகும்.
குடம் பதினைந்து ரூபாய்க்கு வாங்கிய குடிதண்ணீரில்
பாதியை வாளியில் ஊற்றினார்,
ஒரு ஷாம்பு பாக்கெட்டைப் பல்லால் கிழித்துப் பிழிந்தார்.
தடவிவிட்டுக் காத்திருந்தோம்.
ஐந்து நிமிடம் ஒன்றுமில்லை.
பிறகு ரிம்மும் ரப்பரும் சேரும் விளிம்பில்
கடுகு கடுகாய், அவசரமே இல்லாமல்,
வெள்ளை நுரை முளைத்தது.
நெம்பித் திறந்தேன்.
உள்ளே இரும்பில் துரு
அடுக்கடுக்காய், அப்பளம் போல.
ஆணி இல்லை, ஓட்டை இல்லை,
பொருந்தியிருந்த இடத்தில் பொருந்தாமல் போனதுதான்.
கம்பிப் பிரஷ் போட்டுத் தேய்த்தால் சரியாகும்.
நான் சொன்னதை அவர் இரண்டு தடவை கேட்டுக்கொண்டார்.

மூன்றாவதைப் பற்றி என்ன சொல்ல.
பக்கவாட்டில் கோடை ஊருணி.
நுரை ஓரிடத்தில் வரவில்லை,
வேர்த்தது, மொத்தமாக.
காட்ட விரல் போதவில்லை.

நான்காவதில் கேஜை வைத்தேன்.
பத்தொன்பது.
தட்டிப் பார்த்தேன், திரும்ப வைத்தேன். பத்தொன்பதேதான்.
"ஏழு வருசமா யாரும் அடிக்கலையா?"
"யாரு அடிக்க?
அன்னைக்குக் காலைல அவுகதான் அடிச்சாக,
விமானத்துக்கு நேரமாச்சு நேரமாச்சுன்னு கத்துனேன்."

சொல்லாமல் விட்டிருக்கலாம்.
தொழில், சொன்னேன்:
ராத்தா, இந்த நம்பரைப் பாருங்க, முப்பத்தொண்ணு பதினாறு.
பதினாறாம் வருசம், முப்பத்தோராவது வாரம்.
நாலும் ஒரே வாரத்துப் பிள்ளைக.
காத்து நிக்கிறது வேற, ரோட்டுல ஓடுறது வேற.
இதுவும் ஏர்வாடி தாண்டாது.
நாலையும் மாத்தணும்.

"தெரியும்" என்றார்.
லைசென்ஸ் எடுத்து மூன்று மாதமாம்.
ராமநாதபுரத்தில் புது டயருக்கு
முன்பணமும் கட்டியாச்சாம்.
"பிறகு எதுக்கு என்னைக் கூப்பிட்டீக?"
"எது வழியாப் போச்சுன்னு பாக்கணும்ல."

வாளியில் மிச்சமிருந்ததைச் செம்பருத்திக்கு ஊற்றப் போனார்,
ஷாம்பு ஞாபகம் வந்து நின்றார்.
வாளியைக் கீழே வைத்துவிட்டு வந்து
நான்காவதின் வால்வில் சாவிமுனையை அழுத்தினார்.
அந்தக் காற்று அவர் முந்தானையை
ஒரு கை அகலத்துக்குத் தூக்கியது.
முகத்தைத் திருப்பவில்லை, கிட்டேயும் கொண்டுபோகவில்லை.
நெடுநேரம் பிடித்தது.

இருநூறு கொடுத்தார். நூற்றைம்பது போதும் என்றேன்.
வெளியே வந்தால்
கச்சான் அப்படியேதான் அடித்துக்கொண்டிருந்தது.