பதினேழாவது படம்

டிராம் ஓட்டும் ட்ராஹோமிராவுக்கு இன்று விடுமுறை.
ப்ர்னோ நகரத்துச் சரிவில்
முள்ளங்கிப் பாத்தியோரம் குப்புறப் படுத்திருக்கிறாள்.

லென்ஸுக்கு எதிரே ஒன்று.
அந்த ஊரில் அதற்கு அறுப்புக்காரன் என்று பேர்.
சிலந்திக்கு ஒன்றுவிட்ட சொந்தம், வலை நெய்யத் தெரியாது.
மிளகளவு உடம்பு,
அதன் முதுகில் ஒரு மேடு,
மேட்டில் இரண்டு கண்.
கால்கள் ஏழு. எட்டாவதை
எந்தக் குருவியிடமோ கழற்றிக் கொடுத்துவிட்டுப்
பிழைத்து வந்திருக்கிறது.

மூச்சை அடக்கி
மயிரிழை மயிரிழையாய் நகர்த்தி முப்பது படங்கள்.
பதினேழில் அசைந்துவிட்டது.
"நாசமாய்ப் போ" என்றாள், செல்லமாக.

இரவு எல்லாவற்றையும் அடுக்கி ஒன்றாக்கினால்
வெளிறிப்போய், பின்னாலிருக்கும் இலை தெரிய,
கூடுதலாய் ஒரு கால்.
எண்ணினாள். எட்டு.

அழிக்கப் போன விரல்
அங்கேயே நின்றது.

நாலேகாலுக்கு முதல் டிராம்.
விளக்கை அணைத்தாள்.