ஆளில்லை

திங்கட்கிழமை பகல் பதினொன்று இருபதுக்கு
நான் வீட்டில் இல்லை என்று
என் கைபேசிக்கே செய்தி வந்தது.
அப்போது நான் டைக் வீதியில்,
மாடி அறையில், மின்விசிறிக்குக் கீழே,
ஜெயநேசன் முதலாளியின் கருவாட்டுக் கணக்கில்
தொலைந்த நாற்பது ரூபாயைத் தேடிக்கொண்டிருந்தேன்.

ஹோன் அடித்தது. இரண்டு தரம்.
"வாறன், வாறன்" என்று கத்தினேன்.
அந்த நேரம் பார்த்துத்தான் கடலும்
தன்பாட்டுக்கு ஏதோ கத்தும்.
பத்தொன்பது படி.
இடது கால் வலதை விட ஒன்றரை அங்குலம் குறைவு.
ஒவ்வொரு படியிலும் உடம்பு
முதலில் மறுத்து, பிறகு சம்மதிக்கும்.
பதின்மூன்றாவது படியில் நிற்கையில்
மோட்டார் சைக்கிள் சந்தி திரும்பிவிட்டது.

பொதிக்குள் இருப்பது சப்பாத்து.
கண்டியில் அளவெடுத்துத் தைத்தது,
இடது அடி ஒன்றரை அங்குலம் உயரம்.
அது காலில் இருந்திருந்தால்
அது வந்தபோது பிடித்திருப்பேன்.
வாடிக்கையாளர் சேவைப் பெண்ணிடம் இதைச் சொன்னேன்.
"விளங்குது மெடம்" என்றாள்.
"ஆனா கையொப்பம் கட்டாயம்."

செவ்வாய், கேற்றில் ஒரு துண்டு செருகிவிட்டுப் போனார்களாம்.
மான் தின்றுவிட்டது.
சிரிக்காதீர்கள். ஊர் அப்படி.
கோட்டையடியிலிருந்து இறங்கி வரும்,
பஸ் நிலையத்தில் வாழைப்பழத்தோல்,
குப்பைமேட்டில் லஞ்ச் சீற்,
எங்கள் கேற்றில் என் பெயர், பொதி இலக்கம்,
அவர்கள் மறுபடி வரும் நேரம்.
கீழ்மூலை மட்டும் கம்பியில் மிஞ்சியிருந்தது.
அதில் நன்றி என்று இருந்தது.

புதன் ஆட்டோ பிடித்து அபயபுரம் போனேன்.
போக வர ஆயிரத்து நானூறு.
கவுண்டரில் இருந்தவன் திரையைப் பார்த்து
"உங்கட பார்சல் இப்ப உங்கட வீட்டடியிலதான் நிக்குது" என்றான்,
நல்ல செய்தி சொல்பவனின் முகத்தோடு.
கைபேசி அதிர்ந்தது.
முயற்சித்தோம். ஆளில்லை.

எனக்குக் கையெழுத்தோடு பிணக்கில்லை.
மூன்று மொழிப் படிவங்களில்,
அதில் ஒன்றை வாசிக்கத் தெரியாமலே,
புள்ளடி போட்டுக் காட்டிய இடமெல்லாம் வைத்தவள்.
காணிக்கு, வங்கிக்கு, நிவாரண அட்டைக்கு,
காலை வெட்டித் திறக்க ஒருமுறை,
திரும்ப மூட ஒருமுறை,
"எனது சுயவிருப்பின் பேரில்" என்பதற்குக் கீழே.
அவர்களெல்லாம் கட்டில் வரைக்கும் வந்து வாங்கிப்போனார்கள்.
இதை மட்டும் நான்தான்
ஓடிப்போய்க் கொடுக்கவேண்டுமாம்.

வியாழன் முழுக்க நித்திரை.

வெள்ளி, ஆறு மணிக்கே கடைசிப் படியில் குந்திவிட்டேன்.
கணக்குக் கொப்பி, சுடுதண்ணிப் போத்தல்,
அடையாள அட்டை, இரண்டு பேனை.
வெயில் படிப்படியாக ஏறி என்னைக் கடந்து மாடிக்குப் போனது.
மூன்று நாற்பதுக்குச் சிவப்பு ஹெல்மெட்.
எழும்பத் தொடங்கினேன்.
"இருங்கோ அக்கா, எழும்பாதேங்கோ."
டிலக்சன் என்று சட்டையில் இருந்தது.
கழுத்தில் வியர்வை காய்ந்து உப்பாகியிருந்தது.
ஒரு நாளைக்கு எழுபது பொதியாம்,
திருப்பிக் கொண்டுபோனால் பெற்றோல் அவன் கைக்காசாம்.
ஏசுவதற்கென்று நாலு நாளாய்ச் சேர்த்த சொல்லெல்லாம்
மடியில் கிடந்த பேனையோடு உருண்டு விழுந்தன.
பேனையை அவன்தான் குனிந்து எடுத்துத் தந்தான்.

பெட்டி பெரிது. தூக்கினால் காற்று.
"கீழ்வீட்டு நிஸ்ரின் மிஸ்ஸிட. அவ பாங்கில.
ஒரு சைன் போட்டு எடுத்து வையுங்கோ."
என்ர?
"அது கண்டிக்குத் திரும்பிப் போயிற்றுது அக்கா.
மூண்டு தரம் வந்தம். ஆளில்ல."

அடையாள அட்டையை நீட்டினேன். பார்க்கவில்லை.
திரையை நீட்டினான்.
"சும்மா ஒரு கீறு கீறுங்கோ, காணும்."

கனகசூரியம் வசுமதி என்று முழுதாய் எழுதினேன்.
விரல் எழுதியது
கண்ணாடியில் நெத்தலி முள்ளுப் போல விழுந்தது.
திரை பச்சையாகி ஏற்றுக்கொண்டது:
நிஸ்ரினிடம் நேரில் ஒப்படைக்கப்பட்டது.

அவன் போய்விட்டான்.
பெட்டியை மடியில் வைத்துக்கொண்டிருக்கிறேன்.
கேற்றடியில் ஒரு கொம்பன் மான்
அட்டையையே பார்த்துக்கொண்டு நிற்கிறது.
போ என்றேன்.
போகவில்லை.
நாற்பது ரூபாய் இன்னும் கிடைக்கவில்லை.