சங்கிலிக்காரன் சொன்ன அளவு

திவான் வாமனையாவுக்குச் சிலை வைக்கிறார்களாம்.
தலைநகரத்துச் சிற்பிக்கு உயரம் வேண்டுமாம்.
சபையில் கூட இருந்தவர்களுக்கு
அவர் தலைப்பாகை தெரியும்,
அதன் சரிகை எத்தனை விரல் அகலம் என்றும் தெரியும்.
உயரம் தெரியவில்லை.
அதனால் என்னிடம் அனுப்பியிருக்கிறார்கள்,
அணைக்குக் கீழே, மதகுக்காரர் வரிசையில் ஏழாவது கதவுக்கு.

நான் பீரண்ணா.
அவர் வெறும் எஞ்சினியராக இருந்த பதினோரு வருஷம்
அளவுச் சங்கிலியின் பின்நுனியைப் பிடித்தவன்.

நூறு கணு, நூறடி.
விடிந்ததும் முகாம் பங்களா முற்றத்தில்
இரண்டு பித்தளை ஆணிகளுக்கு நடுவே
அதைக் கிடத்திப் பார்ப்பார்.
"இரும்பும் நடக்க நடக்க நீளும், பீரண்ணா.
நேற்றைய நூறடி இன்றைக்கு நூறடி இல்லை."
கால் அங்குலம் கூடியிருந்தாலும்
காப்பி ஆறும், கொல்லன் வந்தாக வேண்டும்.
எனக்கு அது பைத்தியமாகப் பட்டது.
சோமதி ஆற்றுக்கு என்ன தெரியும் கால் அங்குலம்?

ஒரு ஆடியில் வெள்ளத்துக்குள் இறங்கினார்,
கையில் அளவுகோலோடு.
இடுப்பில் கட்டிய கயிறு என் கையில்.
மூக்கு மட்டும் மேலே தெரிந்தது.
தண்ணீரைத் துப்பிக்கொண்டே கத்தினார்:
"நாலடி எட்டங்குலம்! மனசில் வை!"
வைத்தேன்.
உயரம் எனக்கு அப்படித்தான் தெரியும்.

எங்கள் ஊர் ஹொன்னமரடி.
ஐம்பத்திரண்டு வீடு, பீரப்பன் கோயில், ஒரு எண்ணெய்ச் செக்கு.
ஊருக்குக் கீழே பாறையில் சுண்ணாம்பால் கோடு போட்டார்:
"தண்ணீர் இதைத் தாண்டாது."
எழுதியும் தந்தார்.

அப்புறம் திவான் ஆனார்.
மூன்று வருஷம் மழை பொய்த்தது.
கீழ்த் தாலுகாக்காரர்கள் காய்ந்த கேழ்வரகுத் தட்டையைச்
சபை மேசைமேல் பரப்பினார்களாம்.
சுவரை ஆறடி உயர்த்தினால்
பதினோராயிரம் ஏக்கர் கூடுதலாக நனையும்.
வேண்டாம் என்று எஞ்சினியர் வாமனையா
முன்பே எழுதிய குறிப்பைத்
திவான் வாமனையா தள்ளிக் கையெழுத்திட்டார்.
இரண்டும் ஒரே கையெழுத்து.

அவரே வந்தார்.
டவாலிச் சேவகன் இல்லை, குடை இல்லை.
"பிடி" என்றார்.
புதுக் கோடு கோயில் வாசற்படியைத் தாண்டியது,
நிலையைத் தாண்டியது,
மணி தொங்கிய சங்கிலிக்கும் மேலே போனது.
கை நடுங்கினால் சங்கிலி தொய்யும்.
தொய்யவில்லை.
அன்று மட்டும்
ஆணிகளுக்கு நடுவே அதை வைத்துப் பார்க்க மறந்தார்.
நானும் நினைவூட்டவில்லை.

குள்ளன் மூன்றடி கேட்ட கதை உங்களுக்கும் தெரியும்.
மாவலி தலையைத் தானே குனிந்து கொடுத்தான்.
எங்களுக்கு வீட்டுக்கு நூற்று நாற்பது ரூபாய்.

என் மகள் தேவீரம்மா வாழ்க்கைப்பட்டது
கால்வாய்க் கடைமடையில்.
முன்பெல்லாம் அங்கே பெண் கொடுக்க மாட்டார்கள்.
இப்போது இருபோகம், வாசலில் மின்விளக்கு.
அறுப்புக்கு அறுப்பு ஒரு மூட்டை அனுப்புகிறாள்.
நல்ல அரிசி.
அதைத்தான் தின்கிறேன், என்ன சொல்ல.

"ஐந்தடி மூன்றங்குலம்" என்றேன் சிற்பியிடம்.
சிரித்தான்.
"சிலை ஒன்பதடி, பெரியவரே. பீடம் தனி."
சரி, வளரட்டும்.
அந்தப் பேருக்கு வளர்வது புதிதா?

பூங்காச் சுற்றுச்சுவரில்
நூறடி இடைவெளியில் இரண்டு பித்தளை ஆணி
அடிக்க முடியுமா என்று மட்டும் கேட்டேன்.
எதற்கு என்றான்.

சங்கிலி என் கட்டிலுக்கு அடியில் கிடக்கிறது.
அது இப்போது எத்தனை அடி என்று
எனக்கே தெரியாது.