வாடையை வைத்திருந்தேன்

அல்சூரில் மெத்தைக் கடைக்கு மேலே மூன்றாம் மாடி.
ஞாயிறு இரவு. மேசைமேல் பச்சை விரிப்பு,
யாருடைய போர்வையோ வெட்டித் தைத்தது.
கையில் பதின்மூன்று காய்கள். ஒன்றெடுத்தால் ஒன்றெறிய வேண்டும்.
மாஜாங்கில் வேறு வேலையே இல்லை.

கணக்கு எனக்குத் தெரியும்.
பகலெல்லாம் மருந்துக் கிடங்கில் காலாவதித் தேதி பார்த்து
பெட்டிகளைக் கழிப்பவள் நான்.
நாலும் ஐந்தும் சேர்ந்திருந்தால்
மூன்று வந்தாலும் சரி, ஆறு வந்தாலும் சரி:
எட்டுக் காய்க்கு வாசல் திறந்திருக்கும்.
நாலும் ஆறும் என்றால் நடுவில் ஐந்து, நாலே நாலு.
எட்டும் ஒன்பதும் விளிம்பில் உட்கார்ந்து
ஏழுக்காக ஏங்கும்.
ஒற்றைக் காற்றுக்கோ ஒட்டும் இல்லை, உறவும் இல்லை,
தன்னைப்போல் இன்னொன்று வந்தாலொழிய.
ஆகவே முதலில் காற்றை எறி.

எறிந்தேன்.
கொண்டலை எறிந்தேன், கோடையை எறிந்தேன்.
ஹொஷினோ வெறும் திசையைத்தான் சொல்வார்;
என் வாயில் இந்தப் பெயர்கள்தான் வருகின்றன.
மூன்றாம் முறை விரலில் தட்டுப்பட்டது
வாடை.

நவம்பர். ஜன்னல் சரியாகச் சாத்தாது.
"சீக்கிரம்மா" என்று சால்வையை இழுத்துக்கொண்டாள் டெல்ஃபின்.
வாடையைத் தொட்ட விரல் தொட்டபடி இருக்க
மற்றக் கை, எழுத்துக் காயில் ஓர் ஆறை எடுத்துப் போட்டது.
தனி ஆறுதான். ஆனாலும் ஆறு;
ஐந்தோ ஏழோ வந்து ஒட்டியிருக்கும்.
சென்னபசப்பா ஆறைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்,
அவித்த கடலைக்காயை உரித்தார்.

ஐந்து சுற்று கழித்து இரண்டாவது வாடை.
ஜோடி!
முகத்தை வைத்துக்கொள்ளத் தெரியாமல் தண்ணீர் குடித்தேன்.
அப்புறம் மூங்கிலில் இரண்டு கட்டு, வட்டத்தில் ஒன்று,
மிச்சம் எழுத்தில் நாலும் ஐந்தும்.
மூன்று வேண்டும். இல்லை,
ஆறு.

அது என் முன்னாலேயே கிடக்கிறது,
முதல் வரிசையில் மூன்றாவதாக, மல்லாந்து.
தான் எறிந்ததைப் பிறர் எறியும்போது கேட்கக்கூடாது.
அதற்காக மூன்றையும் கேட்கக்கூடாது.
சுவரிலிருந்து என் கையாலேயே எடுத்தால் உண்டு.

ஹொஷினோ ஆறைப் போட்டார்.
டெல்ஃபின் மூன்றைப் போட்டாள். சென்னபசப்பாவும் ஒரு மூன்று,
கொஞ்சமும் பயமில்லாமல்.
ஆறை எறிந்தவளுக்கு மூன்று விஷமில்லை என்று
அவர்களுக்கும் கணக்குத் தெரியும்.

மெட்ரோ ஒன்று கண்ணாடியை அதிரவைத்துப் போயிற்று.
சுவர் தீர்ந்தது. யாருக்கும் வெற்றியில்லை.
மூவரும் காய்களைக் கவிழ்த்துவிட்டு
ஆளுக்கொரு குச்சியை என் பக்கம் தள்ளினார்கள்;
ஒரு காய்க்காகக் காத்திருந்தவளுக்கு அவ்வளவு உண்டு.

நான் விரித்துக் காட்டியதை எட்டிப் பார்த்து
அந்த இரண்டு வாடைமேல் நகம் வைத்தாள் டெல்ஃபின்:
"முதல் ஒண்ணை எதுக்கு வச்சிருந்த?"

ஜன்னலைச் சாத்த எழுந்து போனேன்.
சாத்தாது, தெரியும்.