உச்சிப்புளி, மாலை ஆறு நாற்பது

ராமேஸ்வரம் பேருந்தில்
இறக்கியது என்னை மட்டும்.

போனில் அம்மாவிடம்
"வாறன், நீங்கள் சாப்பிடுங்கோ" என்றேன்.
ஏறிய போலீஸ்காரருக்கு
அந்த "வாறன்" போதும்.

எந்த ஊர்?
மண்டபம்.
அதுக்கு முன்னாடி?
முகாமில்தான் பிறந்தேன், சார்.
அதுக்கும் முன்னாடி?

பையைக் கொட்டினார்.
பட்டித்தகடு, உப்புத்தாள், நாலு இஞ்ச் பிரஷ்.
டர்பன்டைன் புட்டியை முகர்ந்து
எதுக்குடா இது என்றார்.

பேருந்து உறுமிக்கொண்டு நின்றது.
சன்னலோரத்து மனிதர் கடிகாரத்தைப் பார்த்தார்,
என்னை அல்ல.

இந்தச் சாவடியின் நீலத் தூண்
காலையில் நான் அடித்தது.
கான்ட்ராக்டர் கூலி பேசினார்,
ஊர் கேட்கவில்லை.
உப்புக்காற்றில் இன்னும் காயவில்லை.

சாயாதீங்க சார்...
சாயாதேங்கோ...
எந்தத் தமிழில் சொல்வதென்று
நான் தேடுவதற்குள்

சாய்ந்துவிட்டார்.